பௌதிக வைத்தியப் பிரிவும் மைக்கேல்சாமியின் வலது கையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யூதாஸ். எங்கள் புங்கம்பட்டியில் பெரிய வெள்ளிக்கிழமை நடக்கிற பாஸ்கா நாடகத்தில் ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கிற வேடம் பல வருஷமாக எனக்குத்தான். மற்ற நாட்களில் ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். முகத்தைப் பார்த்துத்தான் அந்த வேடத்தைக் கொடுத்தார்கள் என்று என் மனைவி சொல்வாள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

சேசுநாதர் வேடம் மைக்கேல்சாமிக்கு. அவன் கடலை போடுகிற சம்சாரி. அவன் அப்பனும் சேசுநாதர்தான், அப்பனுடைய அப்பனும் சேசுநாதர்தான். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சிலுவையில் ஆளைக் கயிறு போட்டுக் கட்டக் கூடாது. காலுக்கு ஒரு கட்டை இருக்கும், அவ்வளவுதான். இரண்டு கைகளையும் அவனே விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் உயிர் விடும்வரை நிற்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் அக்குளில் கயிறு கொடுத்து ஆளைத் தொங்கவிடுவார்கள். எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் கிழவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு மைக்கேல்சாமியின் வலது தோள் இறுகிக்கொண்டது. அடிபடவில்லை, விழவில்லை. காலையில் எழுந்து சட்டை போடப் போனவனுக்குக் கை இடுப்புக்கு மேல் ஏறவில்லை. எண்ணெய் தேய்த்தார்கள், வேப்பிலை வதக்கி ஒத்தடம் கொடுத்தார்கள், இலுப்பூரில் ஒரு நாட்டு வைத்தியர் பிடித்து இழுத்தும் பார்த்தார். கை நகரவில்லை. ஒரு கை விரிந்து ஒரு கை தொங்கினால் அது சிலுவை ஆகாது. போலீஸ்காரர் மாட்டு வண்டியை ஓரங்கட்டச் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

மைக்கேல்சாமிக்குப் பங்காளி ஒருவன், தனிஸ்லாஸ் என்று பெயர், சைக்கிள் கடை வைத்திருக்கிறான். தோள் சமாச்சாரம் காதில் விழுந்த மறுநாளே அவன் தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணே, நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போவணும்" என்று மைக்கேல்சாமியின் பெண்டாட்டி அற்புதமேரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "வருசா வருசம் அவுகளைக் காட்டிக் குடுக்குறீக. ஒரு தரம் ஆஸ்பத்திரியக் காட்டிக் குடுங்க."

இதற்கு மேல் ஒரு யூதாஸால் என்ன பதில் சொல்ல முடியும்? இலுப்பூர் போய், பஸ் மாறி, நெடுவயற்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே புதிதாக ஒரு கட்டிடம். 'பௌதிக வைத்தியப் பிரிவு' என்று பலகை. உள்ளே மூன்று அறைகள்: வெப்ப அறை, குளிர் அறை, ஒலி அறை. மைக்கேல்சாமி பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "வாத்தியாரே, நம்மளை வேக வப்பாகளா, ஒறைய வப்பாகளா?" என்று கேட்டான். எனக்கும் தெரியாது. வாத்தியார் என்பதால், "ரெண்டும் வைப்பாங்க" என்று சொல்லி வைத்தேன். அது அப்படியே பலித்தது.

கதவருகே வீரய்யா என்கிற சிப்பந்தி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிட்டதும் கையைத் தூக்க வேண்டும். மைக்கேல்சாமி இடது கையைத் தூக்கினான்.

"சீக்குக் கையத் தூக்குங்க" என்றார் வீரய்யா. "இடது கைக்கு இங்க சீட்டு இல்லை."

"சீக்குக் கை மேல வராதுங்க."

"அப்ப நீங்க வரலைன்னு போட்டுருவேன்."

பிரிவு அதிகாரியிடம் ஓடினோம். நல்லதம்பி என்று பெயர். வழுக்கையில் ஒரு முடியைக்கூட இடம் மாறவிடாமல் சீவியிருந்தார். எங்கள் குறையை முழுவதும் கேட்டார். நல்ல மனிதர், கேட்பதில் குறையே வைக்க மாட்டார்.

"அன்பரே, கையைத் தூக்காதவர் வரவில்லை என்று கொள்ளப்படும். விதி தெளிவாக இருக்கிறது. விதியைத் தெளிவாக எழுதுவதற்கு நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது."

"தூக்க முடியலைன்னுதானே ஐயா வந்துருக்கேன்."

"தூக்க முடிந்ததும் வாருங்கள். உடனே கவனிக்கிறோம்."

வெளியே எங்களுக்கு முன்னால் நின்ற பீடிக்கடைக்காரர் ஜெகபர் அலிக்கும் தோள்தான் சீக்கு. அவர் கெட்டிக்காரர். பெயர் கூப்பிட்டதும் பல்லைக் கடித்து, கண்ணில் நீர் வழிய, கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். வீரய்யா முகம் மலர்ந்து, "குணமாயிருச்சு, நீங்க போகலாம்" என்று அவருடைய சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார். அந்த மனிதர் தூக்கிய கையை இறக்க முடியாமல் அப்படியே பஸ் ஸ்டாண்டு வரை போனதைப் பார்த்தேன். வழியில் இரண்டு பஸ்கள் அவருக்காக நின்றன.

ஆகவே விஷயம் புரிந்தது. கை ஏறாவிட்டால் ஆள் வரவில்லை. முழுக்க ஏறிவிட்டால் சீக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் கையை நிறுத்துகிறவனே நோயாளி. மறுநாள் நான் மைக்கேல்சாமிக்குப் பின்னால் நின்றுகொண்டு, பெயர் கூப்பிட்டதும் அவன் முழங்கையைப் பிடித்து நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தினேன். அவன் போட்ட சத்தத்தில் குளிர் அறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. வீரய்யா திருப்தியாகத் தலையாட்டி எங்களை உள்ளே விட்டார்.

உள்ளே போனதும் நல்லதம்பி ஒரு பிரசங்கம் செய்தார். புதிதாக வருகிற எல்லோருக்கும் அதைச் செய்வாராம்.

"வெப்பம் மூன்று வகைப்படும். வெயில் வெப்பம், அடுப்பு வெப்பம், இலாகா வெப்பம். வெயிலுக்கும் அடுப்புக்கும் யாராவது பொறுப்பு ஏற்கிறார்களா? இல்லை. இந்த வெப்பத்துக்கு நான் பொறுப்பு. சூடு பட்டாலும் எனக்குத் தெரிந்துதான் படும்."

வெப்பம் என்பது ஒரு சிவப்பு விளக்கு. அதன் அடியில் உட்கார வேண்டும். பங்குனி வெயிலில் நடந்து வந்த மைக்கேல்சாமியின் தோள் ஏற்கெனவே தோசைக் கல்லாக இருந்தது. நல்லதம்பி தொட்டுப் பார்த்துவிட்டு, இது அனுமதி இல்லாத சூடு, இதை முதலில் ஆற்ற வேண்டும் என்றார். ஆறும்வரை புங்க மரத்தடியில் உட்கார்த்தி வைத்தார்கள். ஆறியதும் விளக்கடிக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் கரண்டு போய்விட்டது.

குளிருக்கு ஐஸ் கட்டி. கடற்கரைப் பட்டணத்திலிருந்து மீன் லாரியில் உமி மூட்டைக்குள் வந்து இறங்கும். தோளில் வைத்ததும் வாளை மீன் வாசம் தூக்கியடித்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலத்தில் கறிதான் ஆகாது, மீன் ஆகும் என்பதால் மைக்கேல்சாமி மனசைத் தேற்றிக்கொண்டான். சங்கடம் அதற்குப் பிறகுதான் வந்தது. வைத்தியம் முடிந்ததும் நல்லதம்பி தராசோடு வந்து நின்றார்.

"கொடுத்த ஐஸ் எங்கே?"

"உருகிருச்சுங்க."

"யாரைக் கேட்டு?"

மைக்கேல்சாமி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அரசாங்கப் பொருளை நோயாளியின் உடம்பு உஷ்ணத்தால் கரைத்ததாகவும், இனிமேல் அப்படிச் செய்ய மாட்டேன் என்றும் அவன் வாயால் சொன்ன பிறகுதான் சட்டையைப் போட விட்டார்கள்.

இதற்கிடையில் மேலிடத்திலிருந்து இரண்டு உத்தரவுகள் வந்து சேர்ந்தன. ஒன்று, முதலில் வெப்பம் கொடு, பிறகு குளிர் கொடு என்றது. மற்றொன்று, முதலில் குளிர் என்றது. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து. நல்லதம்பி ராத்தூக்கம் இல்லாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வலது தோளுக்கு வெப்பம், இடது தோளுக்குக் குளிர், இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுப்பது. எந்த உத்தரவும் மீறப்படவில்லை. நல்லாயிருந்த இடது கை ஒரு வாரம் ஐஸில் கிடந்து, அதுவும் வலிக்க ஆரம்பித்தது.

"அவருடைய இடது கையையும் நாங்கள்தான் கவனித்து வருகிறோம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். "வெளியே எந்த வைத்தியனாவது சீக்கில்லாத கையைத் திரும்பிப் பார்ப்பானா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முடியைக் கலைத்துவிடலாம் போல இருந்தது. தபசு காலம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் ஒலி அறை. மேல்நாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த யந்திரம், மாலை போட்டு வைத்திருந்தார்கள். வீரய்யா தோளில் எண்ணெய் தடவி, டம்ளர் அடி மாதிரி இருந்த ஒன்றை அதன் மேல் மெதுவாக வட்டமிட்டுத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் மைக்கேல்சாமியின் முகம் இளகியது. பொங்கலுக்குப் பிறகு அவன் முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை.

"உள்ளுக்குள்ள லேசா, எதமா இருக்கு வாத்தியாரே. பூட்டு விடுற மாதிரி இருக்கு."

கையை அசைத்தான். இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. இன்னும் நாலைந்து தரம் தேய்த்தால் பெரிய வெள்ளிக்குக் கை வந்துவிடும் என்று வீரய்யாவே சொன்னார். அப்போது நல்லதம்பி வந்தார்.

"ஒலி காதில் விழுந்ததா?"

"இல்லீங்களே."

"ஒலி கொடுத்திருக்கிறோம். பெற்றுக்கொண்டேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தணிக்கைக்காரர் கேட்டால் நான் எதைக் காட்டுவது?"

வீரய்யா பணிவாக, "ஐயா, இது காதுக்குக் கேக்காத சத்தம்னுதான் யந்திரத்துக்காரர் சொல்லிட்டுப் போனாரு" என்றார்.

"கேட்காத சத்தத்துக்கு அரசாங்கம் கரண்டு செலவழிக்குமா?"

நான் மைக்கேல்சாமியின் காதில், "கேட்டுச்சுன்னு சொல்லித் தொலையேன்" என்றேன். அவன் என்னை முறைத்தான். "தபசு காலத்துல ஆண்டவரு வேசம் போடுறவன் பொய் சொல்லலாமா? நீ சொல்லலாம். ஒன் வேசம் அப்படி."

ஆகவே, ஒலி கேட்கும்வரை மேற்கொண்டு தேய்ப்பதில்லை என்று அவனைக் காதுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். காது சுத்தமாக இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். அப்படியானால் பழுது யந்திரத்தில் என்று ஆயிற்று. யந்திரத்தைச் சோதிக்கத் திருவரங்குளத்திலிருந்து ஒரு நாதஸ்வர வித்வானைப் பயணப்படி கொடுத்து வரவழைத்தார்கள். சுருதி விஷயம் அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் கடுக்கன் போட்ட காதை யந்திரத்தின் மேல் வைத்து, கண்ணை மூடி, வெகு நேரம் தலையை ஆட்டினார்.

"பேஷான நாதம். கொஞ்சம் காம்போதிச் சாயல் அடிக்குது" என்றார்.

நல்லதம்பியும் காதை வைத்துக் கேட்டார். அவருக்கும் கேட்டது. சமையற்கட்டு ஆட்கள் வரை வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் வைத்தேன். சத்தியமாக ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கேட்டபோது காம்போதி என்றுதான் சொன்னேன். கேட்காத ஆள் ஆஸ்பத்திரியில் மைக்கேல்சாமி ஒருவன்தான்.

"ஏன் இந்தப் பிடிவாதம்?" என்று நல்லதம்பி மனம் நொந்து கேட்டார். "அப்படி என்ன அவசரம் அந்தக் கைக்கு?"

"சிலுவையில ஏறணும்ங்க. பெரிய வெள்ளிக்கு."

நல்லதம்பி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நாடகம் என்று நான் விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை.

"உயிரைக் காப்பதற்கு ஏற்பட்டது இந்த ஆஸ்பத்திரி. ஓர் ஆளைச் சிலுவைக்குத் தகுதியாக்கி நாங்களே அனுப்பினோம் என்று சட்டசபையில் கேள்வி வந்தால் என்ன சொல்வேன்? ஆட்சேபம் இல்லை என்று தாலுகா ஆபீஸில் எழுதி வாங்கி வாருங்கள்."

தாலுகா ஆபீஸில், சாகிற விவகாரம் போலீஸைச் சேர்ந்தது என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா சிரித்தார். "ஆணி அடிச்சாத்தான் கேசு. அடிக்கட்டும், வாரோம். கை தூக்குறதெல்லாம் வைத்திய விசயம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க." திரும்பி வந்தோம். அவர்கள் எழுதித் தந்தார்களா என்று நல்லதம்பி கேட்டார். இல்லை என்றோம். "அப்படியானால் நீங்கள் அங்கே போகவே இல்லை" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இவரிடம் நான் ஒரு குறையும் காணவில்லை" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். "தங்கமான மனிதர். ஆனால் நான் என்ன செய்வது?"

ஒத்திகை நாள் வந்தது. கோவிலுக்குப் பின்னால் சிலுவையை நட்டிருந்தார்கள். மைக்கேல்சாமி கட்டையில் ஏறி நின்றான். இடது கை நடுங்கிக்கொண்டு பாதி விரிந்தது. வலது கை மறுபடி இடுப்பிலேயே நின்றது. பங்குச் சாமியார் சிலுவையடிக்கு வந்தார்.

"எறங்கு மைக்கேலு. இந்த வருசம் தனிஸ்லாஸ் செய்யட்டும்" என்றார். "தீர்ப்புச் சொல்ற பிலாத்து வேசக்காரன் திருச்சியில வேலைன்னு போயிட்டான். நீ பிலாத்து போடு. அதுக்குக் கை கழுவுனாப் போதும்."

மைக்கேல்சாமி சிலுவையை விட்டு இறங்கி, அதன் அடியிலேயே உட்கார்ந்து அழுதான். மீசை வைத்த ஆள் அப்படி அழுவதைப் பார்க்க எங்களுக்குச் சகிக்கவில்லை. "எங்கப்பன் சாகுறப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு, இதை விட்றாதடான்னுச்சு" என்றான். அற்புதமேரி தனிஸ்லாஸின் தாடியைப் பார்த்து ஏதோ சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

பெரிய வெள்ளி சாயங்காலம் எட்டூர் ஜனமும் கூடிவிட்டது. நல்லதம்பியும் வந்திருந்தார், பக்தியால் அல்ல. சிலுவை சம்பந்தப்பட்ட ஒரு நோயாளி தம் பிரிவில் இருப்பதால் மேற்பார்வைக்கு வந்தாராம். முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

நான் காட்டிக்கொடுத்து, நாண்டுகொண்டு செத்து, திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். மேடையில் பிலாத்து. மைக்கேல்சாமிக்கு வசனம் மனப்பாடம் ஆகவில்லை, பாடம் செய்ய மனசே இல்லை. வாய்க்கு வந்ததைப் பேசுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தலைமுடியைப் படிய வைத்துக்கொண்டான். பிறகு பேசினான். அவன் பேச்சு அல்ல அது, சுத்தமான இலாகாத் தமிழ்.

"அன்பர்களே, இவரிடம் நான் ஒரு குற்றமும் காணவில்லை. குற்றம் காண்பது என் பிரிவின் வேலையும் அல்ல. இவர் கலிலேயாக்காரர். கலிலேயா ஏரோது ராஜாவின் எல்லை. அங்கே எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்."

கூட்டம் சிரித்தது. சேவகர்கள் தனிஸ்லாஸை அங்கிட்டு இழுத்துப் போய் இங்கிட்டு இழுத்து வந்தார்கள்.

"ஏரோது எழுதிக் கொடுத்தாரா? இல்லையா? அப்படியானால் இவர் அங்கே போகவே இல்லை. சரி, பெயர் கூப்பிடுங்கள். நாசரேத்தூர் சேசு. கையைத் தூக்குங்கள்."

தனிஸ்லாஸ் திருதிருவென்று விழித்தான். வசனத்தில் இது இல்லை. "கையத்தான் கட்டியிருக்கே" என்று முணுமுணுத்தான்.

"அவிழ்க்க எனக்கு உத்தரவு இல்லை. கையைத் தூக்காதவர் வரவில்லை என்று கொள்ளப்படும். வராத ஆளை நான் எப்படி விடுதலை செய்வேன்?"

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. பிலாத்து செம்பில் தண்ணீர் வாங்கி, விரல் விரலாக, வெகு நிதானமாகக் கை கழுவினான். ஜனங்கள் மத்தியில் ஒருத்தி விசும்பினாள். அப்புறம் பலர். முந்தின வருஷங்களில் ஆணி அடிக்கும்போதுதான் அழுவார்கள். இந்த வருஷம் ஆணிக்கு முன்னாலேயே அழுதுவிட்டார்கள். "பாவிக, ஒருத்தரும் வேணுமின்னு கொல்லலையே அவரை" என்று அற்புதமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தனிஸ்லாஸ் சிலுவையில் ஏறியதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கை கடுத்துப்போய் அவன் ஆண்டவரைக் கொஞ்சம் சீக்கிரமே சாகவிட்டான். மைக்கேல்சாமி மட்டும் பிலாத்து உடுப்போடு திரைக்குள் நின்று, விரிந்திருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் தோளைத் தொட்டேன். வலித்திருக்கும், கண்ணை எடுக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் நல்லதம்பி நேரே எங்களிடம் வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பிலாத்து தம்மைத்தான் நடித்துக் காட்டினான் என்று கண்டுகொண்டுவிட்டார், தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"அந்த அதிகாரி பிரமாதம்" என்றார். "எவ்வளவு பொறுமை. ஒரு கடுஞ்சொல் உண்டா? அந்த மனிதருக்காக அவர் ஏறாத படி இல்லை. கூட்டம்தான் சரியில்லை." சற்று யோசித்துவிட்டு, "ஒன்றுதான் குறை. கை கழுவியதற்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்" என்றார்.

அந்த ஆடி மாசம் யாரும் எதுவும் செய்யாமலே மைக்கேல்சாமியின் தோள் தானாக விட்டுக்கொடுத்தது. இந்தச் சீக்கு சில பேருக்கு அப்படித்தான் போகும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். அடுத்த தபசு காலம் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வேடம் பேச ஊர் கூடியது. பிலாத்துவைப் பார்க்கவே குளத்தூர்ப் பக்கமிருந்து வண்டி கட்டி வரப்போகிறார்களாம் என்று ஒருவர் சொன்னார். சிலுவையில் தொங்க ஆளா இல்லை, தனிஸ்லாஸே இருக்கட்டும் என்றார் இன்னொருவர். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நானும் போட்டிருப்பேன், ஆனால் மைக்கேல்சாமியைப் பார்த்துவிட்டேன். கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக, நடுக்கமே இல்லாமல், முழுக்க விரித்துப் பிடித்திருந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கையக் கீழ போடு மைக்கேலு" என்றார் சாமியார். "பிலாத்துக்கு அம்புட்டு வேணாம்."